ஸ்வீடன் இண்டிபாப்: புதுசைத் தேடிப் பிடிக்க, பழசைச் சேர்க்க ஒரு முழு வழிகாட்டி

ஸ்வீடன் இசை என்றதும் அபா குழுதான் முதலில் நினைவுக்கு வரும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அமெரிக்கப் பாடகர்களுக்கு ஹிட் மேல் ஹிட்டாக எழுதித் தரும் மேக்ஸ் மார்ட்டினையும் சொல்வார்கள். நாம் பார்க்கப்போவது இவர்களை அல்ல. அதே நாட்டில் 1980களின் கடைசியிலிருந்து சின்னச் சின்ன லேபிள்கள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனங்கள், வழியாக வெளிவந்துகொண்டிருக்கும் கிட்டார் பாப் ஒன்று இருக்கிறது. இண்டிபாப் என்பது இதுதான்; ‘இண்டி’ என்றால் இண்டிபெண்டன்ட், பெரிய நிறுவனங்களைச் சாராதது. அதை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது, இன்று வருவதை எப்படித் தவறவிடாமல் பிடிப்பது, பழைய ரெக்கார்டுகளை ஏமாறாமல் எப்படி வாங்குவது என்பதுதான் இங்கே விஷயம்.

இதன் வேர் பிரிட்டனில் இருக்கிறது. 1986-இல் என்எம்இ பத்திரிகை வெளியிட்ட சி86 கேசட்டும், பிரிஸ்டல் நகரத்தில் 1987 முதல் 1995 வரை நடந்த சாரா ரெக்கார்ட்ஸ் லேபிளும் ஒரு பாணியை வளர்த்தன. கணகணவென்ற கிட்டார், அலட்டிக்கொள்ளாத குரல், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு, வீட்டிலேயே செய்தது போன்ற அட்டை. பிரிட்டிஷ் பத்திரிகைகளில் பாதி இதை ‘சின்னப் பிள்ளை விளையாட்டு’ என்று கேலி செய்தன. ஸ்வீடனின் இளைஞர்களோ அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அங்கே உள்ளாட்சி நடத்தும் இசைப் பள்ளிகள் உண்டு. ‘படிப்பு வட்ட’ அமைப்புகள் இசைக்குழுக்களுக்கு ஒத்திகை அறையும் உதவித்தொகையும் தருகின்றன. பள்ளியிலேயே ஆங்கிலம் நன்றாகப் படிந்துவிடுகிறது. அதனால் பெரிய நகரங்களில் மட்டுமல்லாமல், வடக்கே பனி கொட்டும் சிற்றூர்களிலும் குழுக்கள் முளைத்தன.

இந்தத் தேடலுக்கு நான் ஒரே ஒரு விதிதான் சொல்வேன்: பாட்டைத் துரத்தாதீர்கள், ஆட்களைத் துரத்துங்கள். இது சின்ன வட்டம். ஒரே ஆள் மூன்று குழுக்களில் வாசிப்பார், லேபிளும் நடத்துவார், நண்பரின் ஆல்பத்தையும் தயாரித்துக் கொடுப்பார். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் அடுத்து வாங்க வேண்டியதை அதுவே சொல்லிவிடும்.

முதலில் காது: மூன்று ஊர்கள், கொஞ்சம் வடக்கு

எடுத்த எடுப்பில் எதையும் வாங்காதீர்கள். சில வாரங்கள் கேளுங்கள். ஊர் வாரியாகக் கேட்பது சுலபம்.

தெற்கே மால்மோ. அங்கே 1991-இல் டேம்பரின் ஸ்டூடியோ தொடங்கியது. தயாரிப்பாளர் தோரே யோஹான்சனும் எக்ஸ்டோன் என்ற மூவர் குழுவும் அதன் பின்னால் இருந்தார்கள். எக்ஸ்டோனின் ‘இன் சான் டியேகோ’ (1992), ‘சம்மர்சால்ட்’ (1994) இரண்டையும் கேட்டால் அந்த ஸ்டூடியோவின் ஒலி பிடிபடும்: எதிரொலி இல்லாத வறண்ட டிரம்ஸ், பழைய கருவிகளின் கதகதப்பு, ஜாஸ் வாடை அடிக்கும் கார்டுகள் (சுரக் கூட்டுகள்). யொன்ஷோபிங் ஊரிலிருந்து வந்த தி கார்டிகன்ஸ் ‘எம்மர்டேல்’ (1994), ‘லைஃப்’ (1995) ஆல்பங்களை இங்கேதான் பதிவு செய்தார்கள். இந்த ஒலிக்கு ஜப்பானில் பெரிய வரவேற்பு. போனி பிங்க் என்ற ஜப்பானியப் பாடகி மால்மோவுக்கே வந்து யோஹான்சனிடம் பாடிப் பதிவு செய்துகொண்டு போனார். சேகரிப்பவர்களுக்கு இந்த ஜப்பான் தொடர்பு முக்கியம். பிறகு அதற்கு வருகிறேன்.

அடுத்து ஸ்டாக்ஹோம். 1989-இல் தொடங்கிய ரெட் ஸ்லீப்பிங் பியூட்டி, ‘இலெவன் பாப்’ ஆல்பம் தந்த ஹேப்பிடெட்மென், 1991-இல் வந்த ஆசிட் ஹவுஸ் கிங்ஸ். பெயரைப் பார்த்து ஆசிட் ஹவுஸ் நடன இசை என்று நினைக்க வேண்டாம். இவர்களைவிட மென்மையாகப் பாட ஆள் கிடையாது. 1995-இல் கிளப் 8 வந்தது. யோஹான் ஆங்கர்கோர்ட் இசை, கரோலினா கோம்ஸ்டெட் குரல். அப்புறம் லேப்ரடார். 1997-இல் தெற்கு ஸ்வீடனில் பிறந்து ஸ்டாக்ஹோமுக்கு இடம் மாறிய லேபிள். லுண்ட் ஊரின் தி ரேடியோ டிப்ட்., சம்பசடர், சபர்பன் கிட்ஸ் வித் பிப்ளிகல் நேம்ஸ், தி மேரி ஓனெட்ஸ் எல்லாம் இங்கேதான் ஆல்பம் வெளியிட்டார்கள். 2000களில் ஸ்வீடன் இண்டிபாப் என்று வெளியுலகம் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி இந்த ஒரு லேபிளின் வேலை.

மேற்குக் கரையில் கோத்தன்பர்க். என்னைக் கேட்டால் மூன்றில் அதிகம் சுவாரசியமான ஊர் இதுதான். சர்வீஸ் லேபிள் வழியாக யென்ஸ் லெக்மன், தி எம்பசி, தி டஃப் அலையன்ஸ் வந்தார்கள். டஃப் அலையன்ஸ் இருவரும் பிறகு சின்சியர்லி யுவர்ஸ் என்று சொந்த லேபிள் தொடங்கி ஏர் பிரான்ஸ், ஜேஜே போன்றவர்களைக் கொண்டுவந்தார்கள். இவர்கள் கிட்டாரோடு நிற்கவில்லை. சாம்பிள் (பழைய ரெக்கார்டுகளிலிருந்து எடுத்த ஒலித்துண்டு), கடற்கரை நடன இசை, குழந்தைகளின் கூச்சல் என்று எல்லாவற்றையும் கலந்தார்கள். ஏர் பிரான்ஸ் ‘ஆன் டிரேட் விண்ட்ஸ்’ (2006), ‘நோ வே டவுன்’ (2008) என இரண்டு ஈபிகளை, அதாவது ஆல்பத்தைவிடச் சிறிய வெளியீடுகளை, தந்துவிட்டு, ஒரு முழு ஆல்பம்கூட வெளியிடாமல் 2012-இல் கலைந்துபோனது. அந்த இரண்டு ஈபியும் இன்றும் அப்படியே புதிதாக இருக்கின்றன.

வடக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷெலெஃப்தியோ ஊரின் எ வெஸ்ட் சைடு ஃபாப்ரிகேஷன் லேபிள், அதே ஊரின் தி வானடீஸ், பித்தியோவின் பாப்சிக்கிள், உமியோவின் கொமேடா. இவர்களில் கொமேடா தனி ரகம். 1993-இல் முழுக்க ஸ்வீடிஷ் மொழியிலேயே ‘பாப் போ ஸ்வென்ஸ்கா’ போட்டார்கள், அதன் பிறகுதான் ஆங்கிலத்துக்கு வந்தார்கள்.

எதை முதலில் கேட்பது என்று திணறினால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. லேப்ரடார் தன் நூறாவது வெளியீட்டை 2007-இல் நான்கு சிடி பெட்டியாகப் போட்டது. நூறு பாட்டு. ‘பாப் இசையின் முழு வரலாறு’ என்று அதற்குத் துணைத் தலைப்பு வைத்த குறும்பும் அவர்களுடையதுதான். வரிசையாகக் கேட்டு, பிடித்த பத்துப் பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் அடுத்த வேலை.

அட்டையின் பின்பக்கம்

ஒரு பெயரை எடுத்துச் செய்து பார்ப்போம். தாளில் ஆசிட் ஹவுஸ் கிங்ஸ் இருக்கிறது என்று வையுங்கள். பின்பக்கத்தில் யோஹான் ஆங்கர்கோர்ட், நிக்லஸ் ஆங்கர்கோர்ட் என்று இரண்டு பெயர்கள் கண்ணில் படும். அண்ணன் தம்பிகள். யோஹானைப் பிடித்துக்கொண்டு போனால் கிளப் 8, தி லெஜண்ட்ஸ், பாலர்ஸ் என்று மூன்று குழுக்கள் வரும், லேப்ரடார் லேபிளும் வரும். நிக்லஸைப் பிடித்தால் ரெட் ஸ்லீப்பிங் பியூட்டி. அந்தக் குழுவின் மிக்கேல் மாட்சன் பின்னாளில் தி ஷெர்மன்ஸில் வாசித்தவர். ஷெர்மன்ஸ் ஆல்பத்தின் லேபிள் ஷெல்ஃப்லைஃப், அது அமெரிக்காவில் இருப்பது. அதன் பட்டியலைத் திறந்தால் இதே ரசனையில் இன்னும் பல குழுக்கள். அங்கிருந்து திரும்பி ரெட் ஸ்லீப்பிங் பியூட்டியின் 90களின் ரெக்கார்டுகளைப் பார்த்தால் மார்ஷ் மேரிகோல்டு என்ற ஹாம்பர்க் லேபிள். ஆக, ஒரு சிடியின் பின்பக்கத்திலிருந்து மூன்று நாடுகளுக்குப் போய்விட்டோம். எந்த ஆப்பும் இதை இவ்வளவு ஒழுங்காகச் செய்து தராது.

இன்னொரு இழை. பீட்டர் பியோன் அண்ட் ஜான் குழுவின் 2006-ஆம் ஆண்டு விசில் பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் வரும் பெண் குரல் விக்டோரியா பெர்க்ஸ்மன். அதற்கு முன் தி கான்கிரீட்ஸில் பாடியவர். பிறகு டேக்கன் பை ட்ரீஸ் என்ற பெயரில் தனியாக வந்தார். அந்தப் பெயரில் 2009-இல் வந்த ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ ஆல்பத்தைப் பாகிஸ்தானுக்குப் போய் உள்ளூர்க் கலைஞர்களோடு பதிவு செய்தார். ஸ்டாக்ஹோம் குரலுக்குப் பின்னால் தபலா ஒலிக்கும் அந்த ஆல்பம் நம் காதுக்குச் சட்டென்று ஒட்டும்.

ஸ்ட்ரீமிங்கை என்ன செய்வது? ஸ்பாட்டிஃபை ஸ்டாக்ஹோமில் பிறந்த நிறுவனம்தான். ஆனால் பரிந்துரையை அதன் கையில் விட்டால், நான்கைந்து புகழ்பெற்ற பாட்டுகளையே சுற்றிச் சுற்றி வரும். கேட்டுப் பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள், தேட வேண்டாம். சிங்கிள்களின் (ஓரிரு பாட்டு மட்டும் கொண்ட தட்டுகளின்) பின்பக்கப் பாட்டுகளும் கைக்காசு போட்டு வீட்டிலேயே பதிந்த சிடி-ஆர்களும் அதில் பெரும்பாலும் இருக்காது.

இருப்பதும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. யென்ஸ் லெக்மனின் ‘ஓ யூ ஆர் ஸோ சைலன்ட் யென்ஸ்’ (2005), ‘நைட் ஃபால்ஸ் ஓவர் கொர்த்தெடாலா’ (2007) இரண்டும் பழைய ரெக்கார்டுகளிலிருந்து எடுத்த சாம்பிள்களால் நெய்தவை. உரிமைச் சிக்கலில் இரண்டும் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. 2022-இல் சில பகுதிகளைப் புதிதாகப் பதிவு செய்து, ‘தி செர்ரி ட்ரீஸ் ஆர் ஸ்டில் இன் பிளாசம்’, ‘தி லிண்டன் ட்ரீஸ் ஆர் ஸ்டில் இன் பிளாசம்’ என்று பெயரும் மாற்றி வெளியிட்டார். புதிய வடிவங்கள் மோசமில்லை. ஆனால் கொர்த்தெடாலாவைப் பழைய வடிவில் கேட்டுப் பழகியவருக்கு அந்த வயலின் இரைச்சல் இல்லாமல் சரிப்படாது. பழைய சிடி கையில் இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

புது வெளியீடுகள்: பேண்ட்கேம்ப்பை ஒழுங்காகப் பயன்படுத்துவது

இன்றைய இண்டிபாப் அதிகம் புழங்கும் இடம் பேண்ட்கேம்ப், குழுக்களும் லேபிள்களும் தங்கள் இசையை நேரடியாக விற்கும் இணையதளம். பலர் அங்கே போய் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அது போதாது.

கணக்குத் திறந்ததும் லேபிள்களைப் பின்தொடருங்கள், குழுக்கள் அப்புறம். குழு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது போடும். லேபிளோ தன் ரசனைக்கு ஏற்ற புது ஆட்களைத் தொடர்ந்து கொண்டுவரும். ஸ்வீடனில் லேப்ரடாரோடு கோத்தன்பர்கின் லக்ஷரி, வெல்ஃபேர் சவுண்ட்ஸ், ஸ்டாக்ஹோமின் பிஎன்கேஎஸ்எல்எம், அப்புறம் ராமா லாமா ரெக்கார்ட்ஸ். ராமா லாமா என்ற பெயரைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நகர வேண்டியிருக்கும். மக்தாவெர்ஸ்கன் வந்தது லக்ஷரியில். மால்மோவின் ஹேட்டர் வந்தது பிஎன்கேஎஸ்எல்எம்மில். இரண்டும் இப்போதைய ஸ்வீடனுக்கு நல்ல வாசல். மக்தாவெர்ஸ்கன் கொஞ்சம் கோபம், ஹேட்டர் கொஞ்சம் தூக்கக் கலக்கம்.

வெளியே மட்ரிடின் எலிஃபன்ட், கலிபோர்னியாவின் மாட்டினே, ஸ்லம்பர்லாந்து, இங்கிலாந்தின் ஸ்கெப் வாக்ஸ், ஃபிகா. ஸ்கெப் வாக்ஸை நடத்துவது பழைய ஹெவன்லி குழுவின் அமீலியா ஃபிளெச்சரும் ராப் பர்சேயும். பெர்லினின் ஃபயர்ஸ்டேஷன் ரெக்கார்ட்ஸ் 80, 90களின் மறந்துபோன குழுக்களைத் தோண்டியெடுத்து மறுவெளியீடு செய்வதில் பேர்போனது. ஸ்வீடன் குழுக்கள் உள்நாட்டு லேபிளிலேயே தங்கிவிடுவதில்லை. அதனால் வெளிநாட்டுப் பட்டியல்களும் கண்ணில் இருக்க வேண்டும்.

இனி ஒரு தந்திரம். உங்களுக்கு மிகவும் பிடித்த, ஆனால் அதிகம் பேர் அறியாத ஒரு ஆல்பத்தின் பக்கத்தைத் திறங்கள். அதை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். ஒருவரைத் தொட்டால் அவருடைய முழுச் சேகரிப்பும் விரியும். உங்களிடம் இருப்பதில் ஐந்தாறு அவரிடமும் இருந்தால், அவரைப் பின்தொடருங்கள். அவர் அடுத்து எதை வாங்கினாலும் உங்களுக்குத் தெரியவரும். இப்படி நான்கைந்து பேர் கிடைத்தால் போதும். புகழ்பெற்ற ஆல்பத்தில் இதைச் செய்தால் பலன் இல்லை. எல்லோரும் வாங்கியதை வைத்து யாருடைய ரசனையையும் கண்டுபிடிக்க முடியாது.

குறிச்சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். இண்டிபாப், ஜாங்கிள் பாப், ட்வீ, டிரீம் பாப் என்று பாணியையும், கோத்தன்பர்க், மால்மோ என்று ஊரையும். ஊர்ப் பெயரை ஸ்வீடிஷ் எழுத்துக்கூட்டலில் போட்டால், ஆங்கிலத்தில் போட்டால் வராத உள்ளூர்க் குழுக்களும் வரும். பிடித்ததை உடனே வாங்காமல் விருப்பப் பட்டியலில் போட்டுவைத்து, ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ வரும்போது மொத்தமாக வாங்கலாம். 2020 மார்ச்சில் தொடங்கிய வழக்கம் இது. அறிவித்த வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்வதில்லை. மற்ற நாட்களில் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பொருள் விற்பனையில் 10 சதவீதமும் எடுக்கும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சிறு பதிப்பு வினைலோ (இசைத்தட்டோ) கேசட்டோ முன்பதிவுக்கு வந்தால் வெள்ளிக்குக் காத்திருக்காதீர்கள், தீர்ந்துவிடும்.

எதைச் சேர்ப்பது: சிடியை மட்டமாக நினைக்காதீர்கள்

ரெக்கார்டு சேகரிப்பு என்றாலே வினைல் என்று ஆகிவிட்டது. ஸ்வீடன் இண்டிபாப்புக்கு அது பொருந்தாது. 90களும் 2000களின் தொடக்கமும் சிடியின் காலம். பல ஆல்பங்களின் மூல வடிவமே சிடிதான். வினைல் வந்திருந்தாலும் சின்னப் பதிப்பாக வந்திருக்கும், இல்லையென்றால் வருடங்கள் கழித்து மறுவெளியீடாக வந்திருக்கும். அதனால் ஒரு பழைய வினைலின் விலையில் நல்ல சிடிகள் பல வாங்கிவிடலாம். அலமாரியில் அழகாக நிற்க வேண்டும் என்பதற்காக வினைல் வாங்குபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பாட்டுதான் வேண்டும் என்றால் சிடியில் தொடங்குங்கள்.

7 அங்குல சிங்கிள்கள் வேறு கதை. இண்டிபாப்பின் உயிரே அதில்தான். ஆல்பத்தில் சேராத பாட்டுகள், கையால் மடித்த அட்டைகள், உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. இதில் காசு போடுவதில் தப்பில்லை. வாங்கும் முன் ஒன்று மட்டும் பாருங்கள்: அந்தப் பாட்டுகள் பிறகு தொகுப்பாக வந்திருக்கின்றனவா? தி ரேடியோ டிப்ட்.டின் ஈபிகளை ஒவ்வொன்றாகத் துரத்தினால் பர்ஸ் காலியாகும். 2011-இல் வந்த ‘பாசிவ் அக்ரெசிவ்’ தொகுப்பு, 2002 முதல் 2010 வரையிலான சிங்கிள்களை ஒரு தட்டிலும் பின்பக்கப் பாட்டுகளை இன்னொரு தட்டிலும் தந்துவிடுகிறது. முதலில் அதை வாங்குங்கள். ‘லெஸ்ஸர் மேட்டர்ஸ்’ (2003) ஆல்பத்தையும் வாங்குங்கள். அதன் பிறகும் ஆசை அடங்காவிட்டால் ஈபிகளுக்குப் போகலாம்.

ஜப்பானியப் பதிப்புகளுக்கு வருவோம். ஜப்பானில் உள்நாட்டு சிடியின் விலை இறக்குமதி சிடியைவிட அதிகம். வாங்குபவரை இழுக்க அங்குள்ள நிறுவனங்கள் கூடுதல் பாட்டுகளைச் சேர்ப்பது வழக்கம். எக்ஸ்டோன், கார்டிகன்ஸ், கிளவுட்பெரி ஜாம் போன்ற பெயர்களின் ஜப்பானிய சிடிகளைத் தேடுவது அதனால்தான். ஓபி எனப்படும் காகிதப் பட்டை சுற்றியிருந்தால் விலை ஏறும். அந்தப் பட்டைக்குக் கூடுதல் காசு தருவது உங்கள் விருப்பம். என் காசு பாட்டுக்குத்தான்.

நாட்டுக்கு நாடு பாட்டுப் பட்டியலே மாறுவதும் உண்டு. கார்டிகன்ஸின் ‘லைஃப்’ நல்ல உதாரணம். ஸ்வீடனில் வந்தது ஒரு ஆல்பம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதே பெயரில் வந்ததில் ‘எம்மர்டேல்’ பாட்டுகள் சிலவும் கலந்திருக்கும். ஒரே அட்டைப்படம், ஒரே பெயர், உள்ளே வேறு சரக்கு. அட்டையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கப் படம் கேளுங்கள்.

டிஸ்காக்ஸில் வாங்குவது

2000-இல் தொடங்கிய டிஸ்காக்ஸ் ரெக்கார்டுகளின் தகவல் களஞ்சியம், சந்தையும் அதுவே. அங்கே ஒரு ஆல்பத்துக்கு ஒரு முதன்மைப் பக்கம் இருக்கும். அதன் கீழே நாடு, வருடம், லேபிள் எண் வாரியாக ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கம். முதன்மைப் பக்கத்திலிருந்து நேராக வாங்கப் போகாதீர்கள். உங்களுக்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்று முடிவு செய்து அந்தப் பக்கத்துக்குப் போங்கள். அட்டை முதுகிலுள்ள (ஓரப் பட்டையிலுள்ள) லேபிள் எண்ணும் பார்கோடும் முதல் அடையாளம். வினைலில் கடைசிப் பாட்டு முடிந்த பிறகு, நடுவிலுள்ள காகிதத்துக்கு முன் வெறுமையாக இருக்கும் வளையத்தில் கீறிய எழுத்தும் எண்ணும் இருக்கும். சிடியில் அது அடிப்பக்கத்து உள்வளையத்தில். இந்த எண் பொருந்தினால்தான் அது அந்தப் பதிப்பு.

ஒவ்வொரு பக்கத்திலும் இதுவரை விற்ற குறைந்த, நடுத்தர, அதிக விலைகள் இருக்கும். நடுத்தர விலையைச் சுற்றி இருந்தால் வாங்கலாம். ஒரே ஒரு பிரதி மட்டும் மூன்று மடங்கு விலையில் நின்றால் பேசாமல் தேடல் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். இன்னொன்று வரும்போது மின்னஞ்சல் வரும். இண்டிபாப்பில் ‘மிக அரிது’ என்று எழுதப்பட்ட ரெக்கார்டுகளில் பல, கொஞ்சம் பொறுத்தால் நியாய விலைக்கு வருபவைதான்.

தரம் குறிக்கும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி, ஜி என்று இறங்கும். தட்டுக்கு ஒரு தரம், அட்டைக்கு ஒரு தரம். ‘விஜி’யை விரித்தால் ‘மிக நன்று’ என்று வருமே என்று மயங்க வேண்டாம். நடைமுறையில் அது மெல்லிய பாட்டுகளில் கரகரப்பு கேட்கும் தட்டு. இந்த இசையோ பெரும்பாலும் மெல்லியது. விஜி பிளஸுக்குக் கீழே இறங்காதீர்கள். விற்பவரின் குறிப்பையும் படியுங்கள். ‘பி பக்கம் முதல் பாட்டின் தொடக்கத்தில் மெல்லிய கீறல், கேட்கும்போது தெரியவில்லை’ என்று எழுதுபவர் தட்டைப் போட்டுக் கேட்டவர். எல்லா ரெக்கார்டுக்கும் ஒரே வரியை ஒட்டியிருப்பவர் உறையிலிருந்து வெளியே எடுத்தும் பார்க்காதவர். முதலாமவரிடம் இரண்டு டாலர் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

ஸ்வீடனிலிருந்து ஒரு சிடி வரவழைக்க ஆகும் தபால் செலவு, சிடி விலையைத் தாண்டிவிடும். ஆகவே ஒரு விற்பனையாளரிடம் ஒன்று பிடித்தால் அவருடைய முழுப் பட்டியலையும் உங்கள் தேடல் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வசதி தளத்திலேயே இருக்கிறது. ஐந்தாறாகச் சேர்த்து வாங்கினால் கணக்கு கட்டுப்படியாகும். சிடிகளைப் பிளாஸ்டிக் பெட்டி இல்லாமல், தட்டும் காகிதங்களும் மட்டும் அனுப்பச் சொன்னால் எடை பாதியாகும். பெட்டி உள்ளூரில் கிடைக்கும். வினைல் என்றால் தட்டை அட்டைக்கு வெளியே, தனி உறையில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் குலுங்கி அட்டையின் ஓரம் கிழியும். இறக்குமதி வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

ஸ்வீடனுக்குள்ளேயே வாங்க

உண்மையான மலிவு அங்கேதான். ட்ராடெரா என்ற ஏலத் தளத்தில் 90களின் சிடிகள் சில குரோனருக்குப் போகும். பல விற்பனையாளர்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஸ்வீடனில் தமிழ்க் குடும்பங்கள், குறிப்பாக ஈழத்திலிருந்து போனவர்கள், பல ஊர்களில் இருக்கிறார்கள். உறவோ நட்போ இருந்தால் அவர் முகவரிக்கு வரவழைத்து, அவர் ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்ளலாம். விளம்பரத்தை உலாவியின் மொழிபெயர்ப்பில் படித்துவிடலாம். ‘ரேப்பூர்’ என்று இருந்தால் கீறல். ‘சாம்ஃப்ராக்ட்’ என்றால் பலவற்றை ஒரே தபாலில் அனுப்புவார். இந்த இரண்டும் தெரிந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

நேரில் போகும் வாய்ப்பு இருந்தால் ஸ்டாக்ஹோமின் சோடர்மால்ம் பகுதியில் பெட் சவுண்ட்ஸ், கோத்தன்பர்கில் 1974 முதல் இருக்கும் பெங்கான்ஸ், அப்புறம் பழைய ரெக்கார்டு கடைகளுக்குப் பேர்போன ஆண்ட்ரா லோங்கத்தன் தெரு. ஆனால் அதிர்ஷ்டம் அடிப்பது பெரும்பாலும் கடைகளில் அல்ல. மிரூர்னா, ஸ்டாட்ஸ்மிஷோனென் போன்ற தொண்டு நிறுவனங்களின் பழைய பொருள் கடைகளில் துணிமணிக்கும் பீங்கானுக்கும் பின்னால் ஒரு சிடி அலமாரி இருக்கும். விலை வைப்பவருக்கு இண்டிபாப்பும் கிறிஸ்துமஸ் பாட்டும் ஒன்றுதான். முதுகில் லேபிள் பெயரைத் தேடி ஓட்டுங்கள். குழுப் பெயரைத் தேடினால் நேரம் போய்விடும்.

கைக்கு வந்த பிறகு

சிடியைப் பல்புக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஒளி ஊடுருவினால் உலோகப் படலம் போயிருக்கிறது என்று பொருள், திருப்பி அனுப்புங்கள். அடிப்பக்கத்து மெல்லிய கீறல்களுக்குப் பயப்பட வேண்டாம். பெயர் அச்சிட்ட மேல்பக்கத்துக் கீறல்தான் ஆபத்து, ஏனென்றால் படலம் இருப்பது அதற்கு நேர் கீழே. அடிப்பக்கம் பச்சையோ நீலமோ சாயலடித்தால் அது சிடி-ஆர். 2000களின் தொடக்கத்தில் பல குழுக்கள் வீட்டிலேயே கணினியில் பதிந்து விற்றவை அவை. இவற்றின் சாயம் காலப்போக்கில் மங்கும். வந்த அன்றே எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளில் பிழை சரிபார்த்து ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக மாற்றி, இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற ஊர்களில் எதிரி ஈரக்காற்று. அட்டையில் பூஞ்சை, வினைலில் வெள்ளைப் புள்ளி. தட்டைக் கழுவ, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு வாசனையில்லாத பாத்திரச் சோப்பு, மென்மையான துணி, பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் துடைப்பு, பிறகு வெறும் நீரில் ஒரு அலசல். நடுக் காகிதம் நனையக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகே புது உறையில் போடுங்கள். வினைலை நிமிர்த்தி மட்டும் வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் வளையும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி மழைக்காலத்தில் ஓதம் இழுக்கும், உள்சுவர்ப் பக்கம் மாற்றிவிடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அவ்வப்போது புதுப்பித்துப் போடுங்கள்.

7 அங்குலத்தில் சில தட்டுகளுக்கு நடுத்துளை பெரிதாக இருக்கும். அதற்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் அடாப்டர் வேண்டும். வேகத்தை 45-க்கு மாற்ற மறக்காதீர்கள். ஒருமுறை 33-இல் ஓடவிட்டு, ‘அடடா, எவ்வளவு சோகமான குழு’ என்று ரசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

வாங்கியதையெல்லாம் டிஸ்காக்ஸில் ‘என் சேகரிப்பு’ பகுதியில், சரியான பதிப்பின் பக்கத்திலேயே பதிந்துவிடுங்கள். என்ன விலைக்கு, யாரிடம் வாங்கியது என்று குறிப்பில் ஒரு வரி. கடையில் நிற்கும்போது, இது வீட்டில் இருக்கிறதா இல்லையா என்ற குழப்பம் வராது. ஒரே ஆல்பம் இரண்டு சேர்ந்துவிட்டால், தரம் குறைந்ததை விற்பனைக்குப் போடுவதைவிட, பேண்ட்கேம்ப்பில் பின்தொடரும் அந்த நான்கைந்து பேரில் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு அவரிடம் இரண்டாக இருப்பது ஏதாவது உங்களுக்கு வந்து சேரும்.